அங்கன்வாடி பம்பு வரை வந்துவிட்டது, புவனா

என் புவனாவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நல்ல செய்தி ஏதாவது வந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அது வரவில்லை. வந்திருப்பது வேறு.

முந்தாநாள் இந்தப் பருவத்தின் முதல் மழை பெய்தது. இன்று காலை உன் குப்பத்துக்குப் போயிருந்தேன். அங்கே பார்த்ததை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாலு பேர் படிக்கிற இடத்தில் வைத்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் சேர்ந்தது ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கடலோரக் குப்பங்களில் மக்கள் எதைக் குடிக்கிறார்கள், எதனால் நோய்ப்படுகிறார்கள், எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஆராய்வதாக ஏற்பாடு. தண்ணீருக்கு நீ. நோய்களுக்கு டாக்டர் பாரி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க நான். கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளப்பதற்கு ஒருவர், மகளிர் குழுக்களைப் பற்றி எழுத ஒருத்தி, ஆமை முட்டைகளைப் பார்க்க இரண்டு பேர். ஒரே வேனில்தான் எல்லோரும் போவோம். இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவோம்.

அது நீ பிறந்து வளர்ந்த ஊர். உன் அப்பாவின் படகு நின்ற கரை. வேதியியல் படித்துக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்த நீ, சொந்த ஊருக்கே பாட்டிலும் பெட்டியுமாக வந்து இறங்கினாய். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா முதல் நாளே நம்மைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒர்த்தரு வந்து தண்ணிய எடுத்துகினு போறாரு. ஒர்த்தரு வந்து ரத்தத்த எடுத்துகினு போறாரு. நீ இன்னாம்மா எடுத்துகினு போவப் போற?"

"பதில்தாம்மா" என்றேன்.

"எதுனா குட்த்துட்டுப் போற ஆளு யாருனா கீறீங்களா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். திரும்பி வரும்போது கேளம்பாக்கத்தில் நான் வேனிலிருந்து இறங்குகையில், "கன்னியம்மா கேட்டதுல இன்னா தப்பு கீது மாலு?" என்றாய்.

வள்ளியின் வீட்டுக்கு நான் போனது பங்குனியில். சவுக்குத் தோப்பை ஒட்டிய கடைசித் தெருவில் மூன்றாவது வீடு. அவள் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, கழிப்பறை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டேப்லெட்டில் அழுத்திக்கொண்டே வந்தேன். கடந்த ஓராண்டில் வீட்டில் சாவு உண்டா என்ற கேள்வி வந்தது.

"கொயந்த" என்றாள். "ரெண்டு மாசம்."

"என்ன நோயால?"

"நோவெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நெறம் மாறிச்சு. ஒதடு நீலமா ஆச்சு, நெகம் நீலமா ஆச்சு. நான் சொன்னேன், யாரும் நம்பல. கருப்புக் கொயந்ததான, அப்டித்தான் கீதுன்னாங்க. மறுநாளு போய்டுச்சி."

டேப்லெட்டில் காய்ச்சல் இருந்தது, வயிற்றுப்போக்கு இருந்தது, விபத்து இருந்தது. நிறம் மாறியது என்று ஒரு கட்டம் இல்லை. நான் 'மற்றவை' என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா? ஆமாம் என்றாள். அதற்குப் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி விழுந்தது. பாதுகாப்பான வீடு என்று அர்த்தம்.

அவளுக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்று இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

சித்திரைக் கடைசியில் டாக்டர் பாரி உன்னைப் போனில் கூப்பிட்டார். நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். அதே தெருவிலிருந்து சங்கீதா தன் நாற்பது நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடியிருந்தாள். குழந்தை நீலம் பாய்ந்திருந்தது. இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலில் கோளாறு இல்லை. ஆக்சிஜன் வைத்தும் நிறம் திரும்பவில்லை. ரத்தம் எடுத்தால் சிவப்பாக இல்லாமல் சாக்லேட் நிறத்தில் வந்ததாம்.

"புவனா, அந்த வீட்டுத் தண்ணில நைட்ரேட் பாத்து உடனே சொல்லு. அது ஏறினா கைக்குழந்தையோட ரத்தம் ஆக்சிஜன எடுத்துக்காது, அதான் சந்தேகமா இருக்கு."

அவர் காத்திருக்கவில்லை. ஊசி மருந்தைக் கொடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் உதட்டில் சிவப்பு திரும்பியதாகப் பிறகு சொன்னார். சாயங்காலத்துக்குள் உன் ஆய்வகத்திலிருந்து முடிவும் வந்தது. இருக்கக்கூடிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். உன் கிணறுகளின் பட்டியல், அவருடைய நோயாளிகளின் பட்டியல், என் வீடுகளின் பட்டியல். முதல் முறையாக மூன்றும் ஒரே மேஜையில். உன் விரல் ஒரு தெருவில் போய் நின்றது. அவருடைய விரலும் அங்கேயே வந்து நின்றது. நான் என் பட்டியலில் அந்தத் தெருவைத் தேடியபோது 'மற்றவை' என்ற சொல் கிடைத்தது.

"மற்றவைன்னா என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

வள்ளி சொன்னதைச் சொன்னேன். இரண்டு பேரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சங்கீதா தண்ணிய நல்லா கொதிக்க வச்சுத்தான் பவுடர் பால் கலக்கியிருக்கா" என்றார் அவர். "நாங்கதான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லி அனுப்பறோம். கிருமிக்கு அது சரி. இதுக்குச் சரியில்ல. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தும், நைட்ரேட் வத்தாது. இன்னும் கெட்டியாகும்."

ஒரு தாய் எவ்வளவு கவனமாக இருந்தாளோ அவ்வளவுக்குக் குழந்தைக்குக் கெடுதல். நான் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குள் வந்த ஒரே சண்டை. திட்ட இயக்குநர், முடிவுகளை உறுதிப்படுத்தாமல் ஊரில் எதுவும் பேசக்கூடாது என்றார். இன்னொரு முறை மாதிரி எடுக்க வேண்டும், அறிக்கை வர வேண்டும், அதுவரை பீதி கிளப்பக்கூடாது. நான் அவர் பக்கம் பேசினேன். முறை என்று ஒன்று இருக்கிறது, நாளைக்கு நம் முடிவு தப்பென்று ஆகிவிட்டால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன்.

"மாலு, இது என் ஊரு. நீ சொல்ற அடுத்த தபாவுக்குள்ள இன்னொரு கொயந்த பொறக்கும். அதுக்கு இன்னா குடிக்கக் குடுப்பாங்க, உன் அறிக்கையையா?"

அன்று சாயங்காலமே நீ அந்தத் தெருவுக்குப் போய் ஒவ்வொரு வீடாகச் சொன்னாய். கைக்குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ச்சினாலும் வேண்டாம், கேன் தண்ணீர்தான். ஊர்ப் பெரியவர்கள் உன்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். கிணறு கெட்டுவிட்டது என்று வெளியே தெரிந்தால் மீன் வாங்க யார் வருவார்கள் என்று கேட்டார்கள். நீ கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மறுநாள் அடுத்த தெருவுக்குப் போனாய். வள்ளியின் வீட்டுக்கும் போனாய். அங்கே என்ன பேசினாய் என்று என்னிடம் சொல்லவே இல்லை.

அப்புறம் அது எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தாய். நைட்ரேட் என்றால் பெரும்பாலும் வயலுக்குப் போடுகிற உரம்தான்; வயல் இல்லாத ஊரில் உரம் எங்கிருந்து வரும்? தோப்புக்குள் நடந்து போய்ப் பார்த்தபோது மணலில் கறுப்பாக ஒரு பள்ளம், அதைச் சுற்றி லாரிச் சக்கரத் தடங்கள், மூக்கை மூட வைக்கும் நாற்றம். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள அடுக்குமாடிகளின் கழிவுத் தொட்டியைக் காலி செய்கிற லாரிகள் அங்கே வந்து கொட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கழிவுதான் மணலில் ஊறி, நைட்ரேட்டாகிக் கிணறுகளில் இறங்கியிருக்கிறது. விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு. ஐப்பசியில் நீ பத்து நாள் பள்ளத்தை ஒட்டிய புதரில் உட்கார்ந்து லாரிகளைக் குறித்துக்கொண்டாய். உன் வீட்டுக்காரர் குமார் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தூரத்தில் நிற்பார். சில நாள் லாரி திரும்பும்போது பின்னாலேயே போய், எந்த வாசலில் நுழைகிறது என்றும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாய். எட்டாம் நாள் உனக்கு மூச்சு வாங்குகிறது என்று குமார் எனக்குப் போன் செய்தார். செங்கல்பட்டில் டாக்டர் பாரி ஓடி வந்து பார்த்தார். உன் முழங்காலுக்குப் பின்னால் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. புதரில் இருக்கிற ஒரு பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் அது. முன்னாலேயே தெரிந்திருந்தால் அதற்கென்று உள்ள மலிவான மாத்திரையிலேயே போயிருக்கும். "யாரும் அந்த எடத்தப் பாக்கலையா?" என்று அவர் கேட்டார். குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உன் கூடவே மாதக்கணக்கில் சுற்றியவள், நானும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குமார் உன் பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "இதுல கீறதெல்லாம் உங்களுக்குத்தான் மேடம் புரியும்." பையில் மூன்று காலி பாட்டில்கள், ஒரு டார்ச், உன் நோட்டு. கடைசிப் பக்கங்களில் லாரி எண்கள். அவற்றுக்கு எதிரே அந்த லாரிகள் நுழைந்த வாசல்கள். நாவலூரில் ஒன்று, சிறுசேரியில் ஒன்று. நாலாவது வரியில் படூர். என் அடுக்குமாடியின் பெயர். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மாலு வூடு'. அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்திருந்தாய்.

புவனா, அதை ஏன் அடித்தாய்? சரியாகப் பார்க்கவில்லையோ என்ற சந்தேகமா? அல்லது என் கண்ணில் பட வேண்டாம் என்றா? அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசினாய், என் டிபன் பாக்ஸில் இருந்து எடுத்துச் சாப்பிட்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ சண்டை போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

எங்கள் வாசலில் அந்த லாரி நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவேன். எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்பதுதான் எனக்கு உத்தியோகம்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "மேடம், கான்ட்ராக்ட்ல ஒழுங்காத்தான் போட்டிருக்கு. அவன் எங்க கொண்டு போய்க் கொட்டறான்னு நமக்கு எப்படித் தெரியும்?" எனக்குத் தெரியும் என்று சொல்லி உன் நோட்டை நீட்டினேன். ஒருவரும் கை நீட்டி வாங்கவில்லை. ஒரு அம்மா மட்டும் பிறகு லிப்டில், "அந்தக் குழந்தை இப்ப நல்லாருக்கா?" என்று கேட்டார். சங்கீதாவின் குழந்தை நன்றாக இருக்கிறது என்றேன். வள்ளியின் குழந்தையைப் பற்றிச் சொல்வதற்குள் அவருடைய மாடி வந்துவிட்டது.

சங்கம் வேறு லாரிக்கு மாறிக்கொண்டது. உன் நோட்டில் இருந்த லாரிகள் இரண்டு மாதம் தோப்புப் பக்கம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் தோப்பின் தென்கோடியில் புதிய தடங்கள். புதிய எண்கள். இந்த முறை நானும் குமாரும் பார்த்துக் குறித்தோம். உடம்பெல்லாம் மூடிக்கொண்டு போனோம், திரும்பி வந்ததும் காலைப் பார்த்துக்கொண்டோம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். பட்டியலின் முதல் வரியில் என் அடுக்குமாடியின் பெயரை எழுதியிருந்தேன். ரசீது தந்தார்கள். ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். இன்னும் வரவில்லை.

நம் அறிக்கையும் அச்சாகி வந்துவிட்டது. அழகான அட்டை. மூன்றாம் அத்தியாயத்தில் உன் கிணறுகள் இருக்கின்றன. ஐந்தாம் அத்தியாயத்தில் நீலம் பாய்ந்த குழந்தை இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் என் அட்டவணை, அதில் வள்ளியின் குழந்தை 'மற்றவை'க்குள் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே தெரு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நானும் டாக்டரும் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கம், அத்தியாய அமைப்பில் பொருந்தவில்லை என்று விடுபட்டுவிட்டது. படிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் நன்றாக ஆராயப்பட்ட ஊர்.

பார், எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன்.

நீ போன பிறகு ஒவ்வொரு மாதமும் நான் கிணறுகளைப் பார்த்து வருகிறேன். உன் மாதிரி ஆய்வகத்தில் செய்யத் தெரியாது. நனைத்துப் பார்க்கிற பட்டையை வைத்துத்தான். வெள்ளையாக இருந்தால் நல்லது, ரோஸ் நிறம் ஏற ஏறக் கெட்டது. சந்தேகம் வந்தால் பாட்டிலில் பிடித்து உன் ஆய்வகத்துக்கே அனுப்புகிறேன். நீ இருந்தபோது கடைசித் தெரு மட்டும்தான். தை மாதத்தில் அடுத்த தெருவின் இரண்டு கிணறுகள். ஆனியில் மாரியம்மன் கோயில் கிணறு. அது ஊருக்குள்ளே நகர்ந்துகொண்டிருக்கிறது, புவனா. யாருக்கும் தெரியாமல், வாசனையே இல்லாமல், மணலுக்கு அடியில். குடித்தால் ருசிகூட மாறுவதில்லை.

மழைக்குப் பிறகுதான் இன்னும் இறங்கும் என்று நீ சொல்லியிருந்தாய். அதனால்தான் இன்று போனேன். அங்கன்வாடி வாசலில் இருக்கிற அடிபம்பில் தண்ணீர் பிடித்துப் பட்டையை நனைத்தேன். அங்கன்வாடி டீச்சர் விஜயா பக்கத்தில் வந்து நின்றாள். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் ஏறியது. நிற்கவில்லை. கடைசிக் கட்டத்தையும் தாண்டிப் போனது.

"இன்னா மேடம், இம்மாம் செகப்பா கீது?"

இன்னொரு பட்டையை எடுத்து மறுபடியும் செய்தேன். அதே நிறம். உள்ளே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் சாதம் அந்தத் தண்ணீரில்தான் சமைத்தது.

நான் யாரையும் கேட்கவில்லை. அறிக்கை, மறுபரிசோதனை எதையும் நினைக்கவில்லை. விஜயாவிடம் அங்கேயே சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு பழைய நைலான் கயிற்றைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பம்பின் கைப்பிடியை இறுக்கிக் கட்டினோம். நாலைந்து பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். ஒருத்தி, "கட்டிட்டா நாங்க எங்க போவறது?" என்றாள். இன்னொருத்தி ஏதோ முனகினாள். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வள்ளி வந்தாள். அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அந்தம்மா சொல்றத கேளுங்கடி" என்றாள். "நான் பாத்துட்டேன். நீங்களும் பாக்கணுமா?"

குடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

வள்ளி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னிக்கு நீங்க சொன்னத நான் சரியா எழுதிக்கல" என்றேன். "தெரியும்" என்றாள். "புவனா சொல்லிச்சு."

அவளிடம் அதையும் சொல்லியிருந்தாயா?

பம்புக்கு எதிர்வீட்டில் தேவி இருக்கிறாள். உனக்கு நினைவிருக்கும், உன் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. ஒன்பது மாதம். விஜயா என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அடுப்பில் ஒரு பெரிய குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்தால் வேண்டும் என்று இப்போதிலிருந்தே காய்ச்சிக் காய்ச்சிப் பழகுகிறாளாம். நான் போய் அடுப்பை அணைத்தேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னேன். தாய்ப்பாலே கொடு, அதில் பயமில்லை, முடியாமல் போனால் கேன் தண்ணீர்தான் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"எம்மாம் நாளு மேடம் இப்டி இருக்கணும்?"

"தெரியாது தேவி" என்றேன். அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை.

டாக்டர் பாரிக்குப் போன் செய்தேன். தேவியின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிரசவ வார்டில் இந்தக் குப்பத்திலிருந்து யார் வந்தாலும் தனக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஊசி மருந்து இருப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "இப்போதைக்கு இருக்கு" என்றார்.

இதை எழுதும்போது என் பால்கனியிலிருந்து கிழக்கே பார்க்கிறேன். கடல் பக்கம் மழை கட்டிக்கொண்டு நிற்கிறது. பெய்யப் போகிறது. கீழே வாசலில் புதிய ஒப்பந்தத்தின் லாரி வந்து குழாயை இறக்கிக்கொண்டிருக்கிறது. இன்று நான் இறங்கிப் போய் ஓட்டுநரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "எங்கயோ ஒரு எடத்துக்கும்மா" என்றார். நாளை விடியற்காலை குமார் வண்டியோடு வருகிறார். இந்த லாரி கொட்டக் கிளம்பும்போது நாங்கள் பின்னாலேயே போவோம்.

உனக்கு ஒன்று சத்தியம் செய்து தருகிறேன். தேவியின் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆகும்வரை, வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போவேன். எந்தக் காகிதமும் கொண்டுபோக மாட்டேன். அது என்ன குடிக்கிறது என்று பார்ப்பேன். வெளிச்சத்தில் மடியில் போட்டு, அதன் உதட்டையும் நகத்தையும் என் கண்ணாலேயே பார்ப்பேன். அதற்குப் பின் அடுத்த பிள்ளை, அதற்குப் பின் அதற்கடுத்தது. யாராவது வந்து அந்தத் தோப்பை மூடும்வரை.

இங்கே தூறல் ஆரம்பித்துவிட்டது.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
மாலதி